ஸ்டாக் வகுப்புக்கு என்ன ஆயிற்று? டிராக் ரேஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டெட்ராய்ட் பக்கம் வசிக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் பல பத்தாண்டுகளாக ஸ்டாக் வகுப்பில் டிராக் ரேஸ் ஓட்டுகிறார். கோடை வந்துவிட்டால் சனி ஞாயிறுகளில் அவருக்கு உதவியாக நானும் போய்விடுவேன். டயரில் காற்றுப் பார்ப்பேன், காரை டிரெய்லரில் ஏற்றுவேன், ஓட்டம் முடிந்ததும் நேரச் சீட்டை வாங்கி வருவேன். நம் ஊர் நண்பர்கள் யாராவது கூட வருவார்கள். வருகிற ஒவ்வொருவரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

1. நேரான ரோட்டுல ரெண்டு கார் ஓடுது. இதுல ஓட்டுறவருக்கு அப்படி என்ன வேலை?

தூரம் கால் மைல். அதாவது 1,320 அடி, சுமார் 402 மீட்டர். இரண்டு கார்களும் நின்ற நிலையிலிருந்து புறப்பட வேண்டும். நடுவில் உள்ள விளக்குக் கம்பத்துக்குக் கிறிஸ்துமஸ் ட்ரீ என்று பெயர். அது 1963-ல்தான் வந்தது. அதற்கு முன் ஒருவர் நின்று கொடி அசைப்பார். ஸ்டாக் வகுப்பில் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை வினாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக எரியும், பிறகு பச்சை. பச்சையைப் பார்த்த பிறகு கிளம்பினால் தாமதம். கடைசி மஞ்சளிலேயே கார் நகரத் தொடங்க வேண்டும். ஒரு துளி முந்திவிட்டால் சிவப்பு எரியும், அதோடு தோல்வி.

இங்கே இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. விளக்குக்கு ஓட்டுநர் எவ்வளவு சீக்கிரம் அசைந்தார் என்பது ஒன்று. கார் நகர்ந்ததிலிருந்து கோட்டைத் தொடும் வரை எவ்வளவு நேரம் என்பது இன்னொன்று. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 4-ஆம் கேள்விக்கு வேண்டும்.

2. ஸ்டாக்னா ஷோரூம்ல வாங்கின கார் அப்படியேவா?

பெயர் அதைத்தான் சொல்கிறது. தொடக்கத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன், சுருக்கமாக என்.ஹெச்.ஆர்.ஏ., 1951-ல் வாலி பார்க்ஸ் தொடங்கிய அமைப்பு. தெருவில் திருட்டுத்தனமாகப் பந்தயம் ஓட்டிய இளைஞர்களைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுவருவது அதன் நோக்கம். அந்த இளைஞர்களிடம் இருந்தது வேலைக்குப் போய் வருகிற கார்தான்.

இன்றைய ஸ்டாக் கார் அப்படி இல்லை. பின்னால் 9 அங்குல ஸ்லிக் டயர் (வரிகள் இல்லாத வழவழப்பான பந்தய டயர்) போடலாம், புகைபோக்கி அமைப்பை மாற்றலாம், என்ஜினைப் பிரித்து மிக நுணுக்கமாகக் கட்டலாம். ஆனால் அந்த மாடலுக்குத் தொழிற்சாலை கொடுத்த அதே வகை கார்புரேட்டரும் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பாகம்), அந்தக் கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் அதே இன்டேக் மேனிஃபோல்டும்தான் இருக்க வேண்டும். கேம் ஷாஃப்ட் வால்வைத் தூக்கும் உயரமும் தொழிற்சாலை அளவுதான். ஜெயித்த காரை அதிகாரிகள் பிரித்துப் போட்டு அளப்பதும் உண்டு. அந்த நேரம் கொட்டகையில் நிற்பவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பது போலவே இருக்கும்.

3. சின்ன என்ஜின் கார் பெரிய என்ஜின் காரோட எப்படிங்க மோதும்?

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கணக்குதான். காரின் எடையை அதன் குதிரைத்திறனால் வகுப்பார்கள். 3,600 பவுண்டு எடை, 300 குதிரைத்திறன் என்றால் ஒரு குதிரைக்கு 12 பவுண்டு. அதே 12 வருகிற எல்லாக் கார்களும் ஒரே பிரிவு. கனமான பெரிய குடும்பக் காரும் லேசான சின்னக் காரும் அருகருகே வந்துவிடும். பிரிவுகளுக்கு ஆங்கில எழுத்துகளைப் பெயராக வைத்திருக்கிறார்கள். ஆட்டோமேட்டிக் கியர் கார்களுக்குத் தனி வரிசை.

கம்பெனிகள் இதில் விளையாடத் தொடங்கின. குதிரைத்திறனைக் குறைத்து எழுதினால் கார் வசதியான பிரிவுக்குப் போய்விடும் அல்லவா? 1968-ல் ஃபோர்டு 428 கோப்ரா ஜெட் என்ஜினுக்கு (428 என்பது கன அங்குலத்தில் என்ஜினின் கொள்ளளவு) 335 குதிரைத்திறன் என்று அறிவித்தது. உண்மையில் அது அதைவிட நிறையவே அதிகம் என்பது ஓட்டியவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் கம்பெனி சொன்ன எண்ணை விட்டுவிட்டு, என்.ஹெச்.ஆர்.ஏ. தானே ஒரு எண்ணை ஒவ்வொரு என்ஜினுக்கும் வைக்க ஆரம்பித்தது. ஒரு கார் எதிர்பார்த்ததைவிட மிக வேகமாக ஓடினால் அந்த எண் ஏறிவிடும்.

4. வேகமா ஓடினா தோத்துடுவாங்களாமே, நிஜமா?

நிஜம்தான். ஓட்டுநர் தன் கார் எத்தனை வினாடியில் ஓடும் என்று முன்கூட்டியே கண்ணாடியில் எழுதி வைப்பார். இதற்கு டயல்-இன் என்று பெயர். ஒருவர் 11.20, இன்னொருவர் 13.70 என்று எழுதினால், மெதுவான காருக்குப் பச்சை 2.50 வினாடி முன்னதாக எரியும். இருவரும் சொன்னபடியே ஓடினால் கோட்டருகே கிட்டத்தட்டச் சேர்ந்தே வருவார்கள். அப்போது விளக்குக்கு யார் சீக்கிரம் அசைந்தார் என்பதுதான் தீர்மானிக்கும். எழுதியதைவிட வேகமாக ஓடிவிட்டால் பிரேக்-அவுட், தோல்வி. அந்த விதி இல்லாவிட்டால் எல்லோரும் வேண்டுமென்றே மெதுவான எண்ணை எழுதிவிடுவார்களே.

ஒரே பிரிவைச் சேர்ந்த இரு கார்கள் சந்தித்தால் மட்டும் இதெல்லாம் கிடையாது. இருவருக்கும் ஒரே நேரத்தில் பச்சை, முதலில் போனவர் வென்றார். அந்த ஓட்டம் வரும்போது ஸ்டாக் ஓட்டுநர்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வேலி ஓரம் வந்து நிற்பார்கள்.

5. ஒரு காலத்துல இதுதான் பெரிய ஆட்டமாமே?

ஆமாம். 1961-ல் கலிஃபோர்னியாவின் போமோனாவில் என்.ஹெச்.ஆர்.ஏ.வின் தேசியப் போட்டியான விண்டர்நேஷனல்ஸ் முதன்முதலாக நடந்தபோது டான் நிக்கல்சன் 409 செவ்ரோலேயில் ஸ்டாக் பட்டத்தை வென்றார். அப்போது பார்க்க வந்தவர்கள் வீட்டு வாசலில் நின்றதும் அதே கம்பெனிக் கார்கள்தான். எங்கள் பெரியவர் சொல்வார், மைதானத்தில் அன்று நீண்டு நின்ற வரிசைகளே ஸ்டாக் கார்களுடையதுதான் என்று. ‘ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் திங்கட்கிழமை விற்கும்’ என்று டெட்ராய்ட் கார் கம்பெனிகள் நம்பிய காலம். செவ்ரோலே 409, போன்டியாக் சூப்பர் டூட்டி 421, டாட்ஜ் மேக்ஸ் வெட்ஜ் எல்லாம் இந்தப் போட்டியின் பிள்ளைகள்.

1966-ல் அதே போமோனாவில் ஷெர்லி ஷஹான் ஒரு பிளிமத் காரில் ஸ்டாக் பட்டம் வென்றார். என்.ஹெச்.ஆர்.ஏ. தேசியப் போட்டி ஒன்றில் வென்ற முதல் பெண் அவர்தான். இந்த விளையாட்டில் பெண்களுக்கான கதவு திறந்ததும் ஸ்டாக் வகுப்பில்தான் என்பதை அவருக்குப் பின்னால் வந்த பிரபலங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

6. அப்புறம் எப்போ இறங்க ஆரம்பிச்சுது?

ஒரே நாளில் இல்லை. கம்பெனிகளின் போட்டி முற்றியதுதான் முதல் விரிசல். 1964-ல் ஃபோர்டு, ஃபேர்லேன் காருக்குள் 427 என்ஜினைத் திணித்து சுமார் 100 தண்டர்போல்ட் கார்களைச் செய்தது. 1968-ல் கிறைஸ்லர் ஹெமி என்ஜின் போட்ட டார்ட், பாரகூடா கார்களைப் பந்தயத்துக்காகவே செய்தது. கடையில் வாங்கலாம் என்று பெயர், ஆனால் சாதாரண ஆள் வாங்கி வேலைக்கு ஓட்டிப் போகும் கார் அல்ல. இடையில் 1965-ல் சக்கரங்களையே முன்னால் நகர்த்திச் செய்த கார்கள் வந்தன. ஃபன்னி கார் என்ற தனி வகுப்பு அதிலிருந்துதான் பிறந்தது. கூட்டம் அதன் பின்னால் போனது.

இரண்டாவது, முறையிலேயே ஒரு கோளாறு. 1960-களின் கடைசியில் பிரிவின் தேசிய சாதனை நேரத்தை வைத்து முன்-புறப்பாடு (மெதுவான காருக்குப் பச்சை முன்னதாக எரிவது) கொடுத்தார்கள். அந்த நேரத்தைவிட வேகமாக ஓடினால் நஷ்டம் ஓட்டுநருக்கே. அதனால், மாற்றங்களுக்கு இன்னும் இடம் தரும் அடுத்த வகுப்பான சூப்பர் ஸ்டாக்கில் பெரிய ஓட்டுநர்கள் கோட்டுக்கு அருகில் பிரேக் அடித்தார்கள். ஜெயிக்க வந்தவர் பிரேக் அடிப்பதைக் காசு கொடுத்து யார் பார்ப்பார்கள்? ஒரே பச்சையில் ஓடும் வகுப்பு வேண்டும் என்று குரல் எழுந்தது. 1970-ல் புரோ ஸ்டாக் வந்தது. அதன் முதல் போட்டியைப் போமோனாவில் பில் ஜென்கின்ஸ் வென்றார். அவர் ஸ்டாக், சூப்பர் ஸ்டாக் வகுப்புகளில் வளர்ந்தவர். திறமைசாலிகளும் ஸ்பான்சர்களும் அங்கே போய்விட, ஸ்டாக் வகுப்பு அமெச்சூர்களிடம் நின்றுவிட்டது.

மூன்றாவது, மூலப்பொருளே தீர்ந்தது. 1970-களின் தொடக்கத்தில் காப்பீட்டுக் கட்டணம் ஏறியது, புகை விதிகள் வந்தன, 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் என்ஜின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தது, அதோடு சக்தியும் குறைந்தது. ஷோரூமில் வேகமான கார் இல்லாதபோது ஷோரூம் கார்களுக்கான வகுப்புக்கு ஆள் எங்கிருந்து வருவார்?

7. பிராக்கெட் ரேஸ் வந்ததால எல்லாரும் ஓட்டலாமே. அது நல்லதுதானே?

நல்லதுதான், மறுக்க மாட்டேன். 1970-களில் பரவிய பிராக்கெட் பந்தயத்தில் எடை, என்ஜின், எந்தக் கார் என்று யாரும் கேட்பதில்லை. 4-ஆம் பதிலில் சொன்ன டயல்-இன் முறை மட்டும்தான். உள்ளூர் ட்ராக்குகள் இன்று வரை உயிரோடு இருப்பதே அதனால்தான்.

ஆனால் அது ஸ்டாக் வகுப்பின் காலடி மண்ணை அரித்தது. எந்த என்ஜினையும் போடலாம், யாரும் பிரித்து அளக்க மாட்டார்கள் என்றால், தொழிற்சாலை எண் சரியாக உள்ள கார்புரேட்டரைத் தேடிப் பழைய சாமான் கடைகளில் அலைய ஒரு இளைஞனுக்கு என்ன தேவை? அந்தத் தேடலில் கிடைக்கும் அறிவு பெரியது. ஒரு மாடல் எந்த ஆண்டில் எந்த கியர் விகிதத்தோடு வந்தது, எந்தச் சிலிண்டர் ஹெட்டில் எவ்வளவு கொள்ளளவு என்றெல்லாம் எங்கள் பெரியவர் புத்தகம் பார்க்காமல் சொல்வார். அந்த அறிவைக் கேட்டுக்கொள்ள வரிசையில் இப்போது ஆள் குறைவு.

8. கம்பெனிங்களே இப்போ புதுசா ஸ்டாக் ரேஸ் கார் விக்கிறாங்களே. அது வளர்ச்சி இல்லையா?

இதில் எனக்கும் பெரியவருக்குமே ஒத்துப்போகாது. நடந்தது இதுதான்: 2008-ல் ஃபோர்டு 50 மஸ்டாங் கோப்ரா ஜெட் கார்களைச் செய்தது. டாட்ஜ், சேலஞ்சர் டிராக் பேக் கொண்டுவந்தது. செவ்ரோலே 2012-ல் 69 கோபோ கமாரோ விற்றது. 1969-ல் 69 ஜெட்.எல்.1 கமாரோக்கள் செய்த நினைவாக அந்த எண்ணிக்கை. இவற்றில் எதையும் தெருவில் ஓட்ட முடியாது. வாங்குவதே ட்ராக்குக்குத்தான்.

பெரியவர் இதை வரவேற்கிறார். புது கார் வந்ததால்தான் பத்திரிகைகள் மறுபடி ஸ்டாக் என்ற சொல்லை எழுதின என்பார். அது உண்மை. ஆனால் என் கணக்கில் அந்தச் சொல்லின் பொருள் அன்றுதான் கழன்று விழுந்தது. ஸ்டாக் என்றால் நீங்களும் நானும் ஷோரூமில் வாங்கக்கூடிய கார். தெருவில் ஓட்டவே முடியாத காரை அந்தப் பெயரில் சேர்த்த பிறகு, மேலே இருந்த பிரிவுகளில் பழைய கார் வைத்திருப்பவருக்கு இடம் சுருங்கியது. அந்தக் கார்களுக்கென்று பிறகு ஃபேக்டரி ஸ்டாக் ஷோடவுன் என்ற தனிப் போட்டி வந்தது. அது சரியான முடிவு. 7 வினாடிகளில் ஓடும் கார்கள் ஒன்றோடொன்று மோதட்டும், பார்க்கவும் நன்றாக இருக்கிறது.

9. முன்-புறப்பாடுதான் இருக்கே, எதிராளி எவ்வளவு வேகமா இருந்தா என்ன?

நல்ல கேள்வி. 4-ஆம் பதிலின்படி பார்த்தால் பாதிப்பு இல்லைதான். ஆனால் மூன்று இடத்தில் உறைக்கிறது. ஒரே பிரிவில் நேராகச் சந்திக்கும்போது முன்-புறப்பாடு கிடையாது, அங்கே காசு பேசும். அடுத்தது, தகுதிச் சுற்றின் வரிசை. பிரிவுக்கென்று வைத்த அடிப்படை நேரத்தைவிட எவ்வளவு குறைவாக ஓடினீர்கள் என்பதை வைத்துத்தான் வரிசைப்படுத்துவார்கள். புதிய கார்களுக்கு ஆரம்பத்தில் வைத்த குதிரைத்திறன் எண் குறைவு என்று பழையவர்கள் பலர் குமுறினார்கள். அந்த எண்கள் பின்னால் ஏற்றப்பட்டன.

மூன்றாவது, ஓட்டும்போதே உணர வேண்டிய ஒன்று. மெதுவான காரில் இருப்பவர் முன்னால் போய்விடுவார். பின்னால் துரத்தி வருபவருக்கு முழுக் காட்சியும் கண் முன்னால் இருக்கும். கோட்டருகே எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று அவர் பார்த்து முடிவு செய்யலாம். முன்னால் இருப்பவரோ தலையைத் திருப்பிக் கண்ணாடி வழியே கணிக்க வேண்டும்.

10. எவ்வளவு செலவாகும்?

புதிய கார் என்றால் 2012-ன் கோபோ கமாரோ 86,000 டாலரில் தொடங்கியது. 2018 கோப்ரா ஜெட் 1,30,000 டாலர். 2021 சேலஞ்சர் டிராக் பேக் 1,43,485 டாலர். இதற்கு மேல் டிரெய்லர், அதை இழுக்க ஒரு டிரக், டயர், பெட்ரோல், விடுதி.

பழைய கார் மலிவு என்று நினைத்தால் அதுவும் இல்லை. 1960-களின் நல்ல கார்கள் சேகரிப்பாளர்களின் கொட்டகைக்குள் போய்விட்டன. ஏலத்தில் பெரிய விலைக்குப் போகும் காரை எடுத்து ட்ராக்கில் கியரை உடைக்க யாருக்கு மனம் வரும்? இப்போது குறைந்த செலவில் உள்ளே வர வழி, 1990-களின் கமாரோ, ஃபயர்பேர்ட் போன்ற ஃப்யூயல் இன்ஜெக்ஷன் கார்கள்தான். யாராவது கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். பரிசுப் பணத்தை நம்பி வராதீர்கள், அது பயணச் செலவுக்கே போதாது.

11. நாங்க வந்தப்போ ஸ்டாண்ட் காலியா இருந்துதே, ஏன்?

நீங்கள் வியாழக்கிழமை காலையில் வந்தீர்கள். தேசியப் போட்டிகளில் ஸ்டாக், சூப்பர் ஸ்டாக் ஓட்டங்களைப் பெரும்பாலும் வார நாளிலோ அதிகாலையிலோ முடித்துவிடுவார்கள். கூட்டம் வரும் நேரம், தொழில்முறை ஓட்டுநர்களின் அதிவேக வகுப்பான டாப் ஃப்யூயல் கார்களுக்கு. டிவியிலும் அவைதான். மழை வந்து அட்டவணை தள்ளினால் முதலில் காத்திருக்கச் சொல்வது அமெச்சூர்களைத்தான். 800 மைல் ஓட்டி வந்து, விடுமுறை எடுத்து, டிரெய்லருக்குள் உட்கார்ந்து மழை விடக் காத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கட்டும் நுழைவுக் கட்டணமும் அந்தப் போட்டியைத் தாங்குகிறது. அட்டவணை போடுபவர்கள் அதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

12. ட்ராக்கெல்லாம் மூடுறாங்களாமே?

ஆமாம். நியூ ஜெர்சியின் இங்லிஷ்டவுன் டிராக் ட்ராக் 2018 தொடக்கத்தில் நின்றது. ஜார்ஜியாவில் அட்லாண்டா டிராக்வே 2021-ல். ஹூஸ்டன் ட்ராக்கும் கொலராடோவின் பாண்டிமியரும் 2023-ல். நகரம் வளர்ந்து ட்ராக்கைச் சுற்றி வீடு வருகிறது, சத்தம் என்று புகார் வருகிறது, நிலத்தின் விலை ஏறுகிறது. பெரிய அணிகள் அடுத்த ஊருக்குப் போய்விடும். பக்கத்து ஊரில் வேலை பார்க்கும் அமெச்சூருக்கு ஒரு ட்ராக் மூடினால் விளையாட்டே மூடியது மாதிரி.

13. டெஸ்லாவே 9 வினாடியில ஓடுதே. இனிமே பழைய காருக்கு என்ன வேலை?

மாடல் எஸ் பிளைட் 9 வினாடி சொச்சத்தில் ஓடுவதை நானே பார்த்தேன். ஏசி போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து ஓட்டி வந்த கார். பக்கத்து லேனில் ஆயுளில் பாதியைச் செலவிட்டு 11 வினாடிக்குக் கொண்டுவந்த கார். சங்கடமாக இருந்தது, மறைக்கவில்லை.

ஆனால் 3-ஆம் பதிலைத் திரும்பப் பாருங்கள். இந்த வகுப்பு வேகத்தை மட்டும் அளப்பதில்லை. கொடுத்த பாகங்களை வைத்து, கொடுத்த எல்லைக்குள், எவ்வளவு பிழிந்தெடுக்க முடியும் என்பதை அளக்கிறது. எனக்கு டெஸ்லாவைவிடக் கவலை தருவது வேறு: கமாரோ, சேலஞ்சர் இரண்டின் உற்பத்தியும் 2023 டிசம்பரில் நின்றுவிட்டது. இருபது ஆண்டு கழித்து ஒரு இளைஞன் பழைய காராக வாங்கி ஸ்டாக் வகுப்புக்குக் கொண்டுவர, இன்று ஷோரூமில் நிற்பவற்றில் எத்தனை தேறும்?

14. பழைய காரை நிஜமாவே பழைய மாதிரி ஓட்டுற இடம் ஏதும் இல்லையா?

இருக்கிறது, அதுவும் எங்கள் மிச்சிகனிலேயே. ஸ்டான்டன் ஊரில் 1995-லிருந்து பியூர் ஸ்டாக் மஸில் கார் பந்தயம் நடந்து வருகிறது. ஸ்லிக் டயர் கிடையாது, அந்தக் காலத்து டயர் மாதிரி ஒல்லியான டயர்தான். ஒத்த நேரம் ஓடும் இரண்டு கார்களை ஜோடி சேர்த்து, மூன்றில் இரண்டு ஜெயித்தவருக்கு வெற்றி. இருவருக்கும் ஒரே பச்சை. புறப்படும்போது டயர் வழுக்கிப் புகை கிளம்பும். ஓட்டுநர் காலால் அதைச் சமாளிப்பதைப் பார்த்தால் 1966 எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் புரியும். ஸ்டாக் என்ற சொல் இன்று பொருத்தமாக உட்காரும் இடம் அதுதான் என்பது என் எண்ணம்.

15. அப்போ என் கேம்ரியை எடுத்துட்டு வரலாமா?

தாராளமாக வாருங்கள். ஸ்டாக் வகுப்பில் அல்ல, உள்ளூர் ட்ராக்கில் வார நாள் மாலையில் நடக்கும் டெஸ்ட் அண்ட் டியூன் நேரத்தில், அதாவது போட்டி இல்லாமல் காரை ஓட்டிப் பார்க்கும் நேரத்தில். சீட் பெல்ட் சரியாக இருக்க வேண்டும், எண்ணெய் ஒழுகக் கூடாது, முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் வேண்டும். 13.99 வினாடியோ அதைவிட வேகமாகவோ ஓடும் காருக்கு ஹெல்மெட் கட்டாயம். மெதுவான கார் என்றாலும் ஒன்று கொண்டு வாருங்கள்.

வரிசையில் நிற்கும்போதே ஏசியை அணைத்துவிடுங்கள், அதிலிருந்து சொட்டும் தண்ணீர் லேனில் விழுந்தால் அடுத்து வருபவரின் டயர் வழுக்கும். புறப்படும் இடத்துக்கு முன்னால் ஒரு தண்ணீர்க் குட்டை இருக்கும். அது ஸ்லிக் டயர்க் காரர்களுக்கு, நீங்கள் சுற்றிக்கொண்டு போங்கள். ஓடி முடித்துத் திரும்பும் வழியில் நேரச் சீட்டு தருவார்கள். அதன் பின்பக்கம் அன்றைய வெப்பநிலையையும் டயர் காற்றையும் குறித்து வையுங்கள். எங்கள் பெரியவர் தன் முதல் சீட்டிலிருந்து எல்லாவற்றையும் ஒரு ஷூ பெட்டியில் வைத்திருக்கிறார். கேட்டால் எடுத்துக் காட்டுவார்.